கோழிக் குடலில் கோடு எந்த இடத்தில் இருக்கிறது?

கேள்வி: ஐயா, ஐந்து வாரக் கோழிகள் தீவனம் எடுக்காமல், தண்ணீராகக் கழிந்து ஒன்றிரண்டு சாகின்றன. செத்ததை அறுத்துப் பார்த்தேன். குடலில் வெள்ளைக் கோடுகள், பாதி தூரத்தில் சின்னதாக ஒரு முளை. அது கட்டியா? சிறுகுடல் முழுக்க ஒரே குழாயாகத்தான் தெரிகிறது, எது எந்தப் பகுதி?

பதில்: முதலில் அந்த முளையை விட்டுவிடுங்கள், அது நோயே இல்லை. குஞ்சு முட்டைக்குள் இருந்தபோது மஞ்சள் கரு குடலோடு சேர்ந்திருந்த காம்பின் மிச்சம் அது, மெக்கல் முளை என்பார்கள். சிறுகுடலைப் பிரித்துப் பார்க்க அதுதான் எல்லைக்கல்.

இரைப்பையிலிருந்து புறப்படும் குடல் கொஞ்சம் இறங்கி, வளைந்து, திரும்ப மேலே வரும். அந்த இரண்டு மடிப்புக்கும் நடுவே வெளிறிய நிறத்தில் கணையம் ஒட்டியிருக்கும். கணையம் ஒட்டிய இந்த வளைவுதான் டியோடினம், அதாவது முன்சிறுகுடல். பித்தநாளமும் கணையநாளமும் அதன் கடைசியில்தான் வந்து திறக்கின்றன. அங்கிருந்து முளை வரை சுருண்டு கிடப்பது ஜெஜூனம். முளையைத் தாண்டி, இரண்டு குருட்டுக்குடல்கள் வந்து சேரும் இடம் வரை இலியம். உட்புறம் தண்ணீர் விட்டு அலசிப் பார்த்தால், சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் முன்சிறுகுடலில் நீளமாகவும் கீழே போகப்போகக் குட்டையாகவும் இருக்கும்.

சரி, உங்கள் கோடுகள் எங்கே இருந்தன? கணையத்தை ஒட்டிய வளைவில், குறுக்குக் குறுக்காக, வெளியிலிருந்தே தெரிகிற மாதிரி இருந்தால் ரத்தக்கழிச்சல் கிருமிகளில் ஐமீரியா அசெர்வுலினா என்ற வகையாக இருக்கலாம். ஆனால் அது எடையைக் குறைக்குமே தவிர அவ்வளவாகக் கொல்லாது. சாவு வருகிறது என்பதால் கீழேயும் பாருங்கள். முளையின் இரு பக்கமும் குடல் உப்பி, வெளிப்புறத்தில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி இருந்தால் அதே ஐமீரியாவில் நெகாட்ரிக்ஸ் என்ற வகை, உள்ளே ஆரஞ்சு நிறச் சளி இருந்தால் மாக்ஸிமா. குருட்டுக்குடலில் ரத்தம் கட்டியிருந்தால் டெனெல்லா. ஜெஜூனத்திலும் இலியத்திலும் காற்று நிரம்பி, உட்சுவரில் தவிடு ஒட்டியது போலச் சொரசொரப்பான படலம் இருந்தால் அது கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியாவால் வரும் குடல் அழற்சி, அதற்கு மருந்தே வேறு. ரத்தக்கழிச்சலும் இந்த அழற்சியும் சேர்ந்தும் வரும். அதனால்தான் நிறத்தை மட்டும் பார்த்து மருந்து வாங்காதீர்கள் என்று சொல்கிறேன்.

இன்னொன்று, செத்த உடனே அறுத்துப் பாருங்கள். சில மணி நேரம் கிடந்தாலே குடல் அழுகத் தொடங்கி, நோய் மாதிரியே நிறம் மாறிவிடும். குடலின் ஒவ்வொரு பகுதியிலும் ஒரு துண்டும் எச்சமும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனால் நுண்ணோக்கியில் ரத்தக்கழிச்சலா இல்லையா என்று தெரிந்துவிடும். அதுவரை ஈரக் கூளத்தை அள்ளிவிட்டு உலர்ந்ததைப் போடுங்கள். அவர் ரத்தக்கழிச்சலுக்கான ஆம்ப்ரோலியம் என்ற மருந்தை எழுதிக்கொடுத்தால் அந்த நாட்களில் பி வைட்டமின் டானிக்கை நிறுத்துங்கள், அதிலுள்ள பி1 மருந்தை வேலை செய்ய விடாது.