உருக்கினால் தங்கம் குறையுமா?

கேள்வி: மாமியார் கொடுத்த ஐந்து சவரன் சங்கிலியைப் போட்டுவிட்டுப் புது நகை எடுக்கப் போனேன். கேரட் மீட்டரில் வைத்துப் பார்த்து 88 சதவீதம் தங்கம் என்றார்கள். எடை 40 கிராம். பின்பக்கம் கொண்டுபோய் உருக்கிக் கட்டியாகக் கொண்டுவந்தபோது 38 கிராம்தான் இருந்தது. "சூட்டுல தங்கம் கொஞ்சம் ஆவியாயிடும்மா" என்கிறார் கடைக்காரர். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளோ, "உருகுறது இயற்பியல் மாற்றம், பொருள் அப்படியேதான் இருக்கும்" என்று புத்தகத்தைக் காட்டுகிறாள். விற்காமல் கட்டியை வாங்கி வந்துவிட்டேன். யார் சொல்வது சரி?

பதில்: தங்கத்தைப் பொறுத்தவரை உங்கள் மகள் சொல்வதுதான் சரி. தங்கம் உருகுவது 1064 டிகிரி செல்சியஸில். அது கொதித்து ஆவியாக 2800 டிகிரிக்கு மேல் போகவேண்டும். கடையின் பின்பக்க அடுப்பு அந்தச் சூட்டைக் கனவிலும் கண்டிருக்காது. ஆகவே ஆவிக் கதையை விட்டுவிடுங்கள்.

ஆனால் உங்கள் சங்கிலி முழுக்கத் தங்கம் இல்லையே. 88 போக மீதி 12 பங்கு செம்பு, வெள்ளி, பற்றவைத்த பொடி. ஒரே மூசைக்குள் (உருக்கும் கிண்ணம்) தங்கம் உருக மட்டும் செய்கிறது; பக்கத்திலேயே செம்பில் கொஞ்சம் காற்றோடு சேர்ந்து கருகி, உருக்கும்போது போடும் வெண்காரத்தில் கரைந்து கசடாகப் போகிறது. முதலாவது இயற்பியல் மாற்றம், இரண்டாவது வேதியியல் மாற்றம். பொடியில் காட்மியம் இருந்தால் (ஒரு காலத்தில் 'கே.டி.எம்.' என்று பெருமையாக விற்றார்களே, அதுதான்) அது 767 டிகிரியிலேயே ஆவியாகிப் புகையாகிவிடும். அந்தப் புகையைச் சுவாசித்த ஆசாரிகளின் நுரையீரலைப் பற்றி எந்த விளம்பரமும் பேசியதில்லை.

எனவே எடை கொஞ்சம் குறைவது நியாயம். ஆனால் போனது தங்கம் அல்லாத உலோகம் என்றால், மிச்சமிருப்பதில் தங்கத்தின் பங்கு ஏறியிருக்க வேண்டும். கணக்கு இதுதான்: 40 கிராமில் 88 சதவீதம் என்றால் சுத்தத் தங்கம் 35.2 கிராம். அதே 35.2 கிராம் 38 கிராம் கட்டிக்குள் இருந்தால், மீட்டர் 92.6 காட்டவேண்டும். குறைந்த எடைக்குப் பழைய 88-ஐயே போட்டுப் பணம் தருவதுதான் இந்தத் தொழிலின் பழைய வித்தை. எடையிலும் உங்களுக்கு நஷ்டம், மாற்றிலும் (தங்கத்தின் சுத்தம்) நஷ்டம்.

கட்டியும் 88-தான் காட்டினால்? அப்போது போன 2 கிராம் மீட்டர் கண்ணில் படாத ஏதோ ஒன்றாக இருக்கவேண்டும், இல்லையென்றால் உங்கள் சங்கிலியின் உலோகமேதான். குண்டுக்குள் அரக்கு அடைத்த நகை, கல் வைத்த நகை என்றால் ஒப்புக்கொள்ளலாம். கெட்டி வளையம் கோத்த சங்கிலியில் இரண்டு கிராம் அழுக்கு இருந்தது என்றால் நான் நம்பமாட்டேன். உலோகமே போவதற்கு, மூசையின் சுவரில் ஒட்டிய மணி, கசடுக்குள் சிக்கிய பொட்டு, உருக்குவதற்கு முன்பே கழன்றுபோன இரண்டு வளையம் என்று வழி பல உண்டு. உருக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். முடிந்ததும் மூசையைக் கவிழ்த்துச் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள். "கஸ்டமர் உள்ளே வரக்கூடாது" என்றால் நகையைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

தங்கமே வேதியியல் மாற்றத்துக்கு ஆளாகிக் காணாமல் போகும் இடம் ஒன்று இருக்கிறது. அது அடுப்பில் இல்லை, உங்கள் வீட்டுத் திண்ணையில். "நகைக்குப் பாலிஷ் போடுறோம்மா" என்று வருகிறவரின் கிண்ணத்தில் இருப்பது ராஜ திராவகமாக இருக்கலாம். ஒரு பங்கு நைட்ரிக் அமிலம், மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம். தனித்தனியாக இரண்டும் தங்கத்தைத் தொடாது, சேர்ந்தால் கரைத்துவிடும். நகை பளபளவென்று வெளியே வரும். அதன் மேல்தோல் மஞ்சள் நீராகக் கிண்ணத்தில் தங்கிவிடும். மஞ்சள் தூளைப் பூசிப் பொட்டலமாகக் கட்டி, "அரை மணி கழிச்சுப் பிரிங்க" என்பார்கள். அந்த அரை மணி அவர்கள் தெரு தாண்டுவதற்கு.

உப்பு தண்ணீரில் கரைவது போல இதையும் நினைக்காதீர்கள். உப்புநீரை வற்றவைத்தால் உப்பு வரும். இந்த நீரை வற்றவைத்தால் வருவது தங்கம் அல்ல, தங்கத்தின் குளோரைடு. அதைத் தங்கமாக்க அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைசலை ஊற்றவேண்டும். காப்பித்தூள் வண்டல் போலப் பழுப்பாக ஏதோ அடியில் படியும். பார்த்தால் குப்பையில் கொட்டத் தோன்றும், உருக்கினால் மஞ்சள் மின்னும். 'திரும்பப் பெற முடிந்தால் இயற்பியல் மாற்றம், முடியாவிட்டால் வேதியியல் மாற்றம்' என்று பிள்ளைகளை மனப்பாடம் செய்யவைக்கிறோமே, அந்தக் கிண்ணத்துக்காரர் தினமும் அதைப் பொய்யாக்கிக்கொண்டிருக்கிறார். புதுப் பொருள் உண்டானதா என்பதுதான் கேள்வி. உங்கள் மகளுக்கு இதைச் சொல்லுங்கள். தேர்வில் எழுதினால் மதிப்பெண் போடுவார்களா என்பதற்கு நான் பொறுப்பல்ல.

புது நகைக்கு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. (ஒவ்வொரு நகைக்கும் தனியான ஹால்மார்க் அடையாள எண்) முத்திரை இல்லாமல் கடைக்காரர் விற்கக் கூடாது என்று 2023 ஏப்ரல் முதல் கெடுபிடி. நல்லது. அதே கடையில் நம் பழைய நகையைக் கொடுத்தால், உருக்குமுன் எவ்வளவு, உருக்கியபின் எவ்வளவு, மாற்று என்ன என்று ஒரு துண்டுச்சீட்டு கேட்டுப் பாருங்கள். நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

கையில் கட்டி இருப்பதால் நீங்கள் தப்பித்தீர்கள். ஹால்மார்க் மையம் ஒன்றுக்கு நேரே எடுத்துப்போங்கள், கடைக்காரர் சிபாரிசு செய்யும் இடத்துக்கு வேண்டாம். உருக்குமுன் எடுத்த 88 மேல்தோலின் அளவு மட்டுமே. அமிலத்தில் கழுவிய நகையின் மேற்பரப்பில் செம்பு போய்த் தங்கம் கூடுதலாகத் தெரியும். கட்டியில் எல்லாம் கலந்துவிட்டதால் இப்போது வரும் எண்ணைத்தான் நம்பவேண்டும். மேலே ஒரு இடம், அடியில் ஒரு இடம் என இரண்டு முறை மீட்டரில் வைக்கச் சொல்லி, சீட்டை வாங்கிக்கொண்டு பிறகு விலை பேசுங்கள்.