கேள்வி நேரம்: டம்ளரில் மொள்ளாதீர்கள்!

கேள்வி: மெயின்ஃப்ரேமில் கோபோல் வேலை. 80 பைட் ரெக்கார்டுகள், 10 லட்சம் இருக்கும், அதைப் படிக்கிற ஜாப் இழுத்துக்கொண்டே போகிறது. "பிளாக் கன்டெய்ன்ஸ் 0 போடுப்பா" என்று சீனியர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். ஒரு வரி என்ன செய்துவிடும் சார்?
– வாசகர், சென்னை

பதில்: உங்கள் சீனியர் சொன்னது சரி, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார். பிளாக் என்பது ஒரே மூச்சில் படிக்கிற, எழுதுகிற ரெக்கார்டுக் கட்டு; அந்தக் கட்டின் அளவை ப்ரோக்ராமில் நிர்ணயிக்காமல் வெளியே விட்டுவிடு என்பதுதான் அந்த வரி. ஜாப் லாக்கில் அந்த ஃபைலுக்கு இஎக்ஸ்சிபி எண்ணிக்கை (டிஸ்க்குக்குப் போய்வந்த கணக்கு) எவ்வளவு என்று பாருங்கள். கிட்டத்தட்ட 10 லட்சம் என்றால் ஒரு பிளாக்குக்கு ஒரே ரெக்கார்டுதான். பக்கத்தில் குடம் இருக்க, டம்ளரில் மொண்டு தொட்டியை நிரப்புகிற கதை. நீங்கள் ரீட் என்று எழுதுகிற ஒவ்வொரு முறையும் டிஸ்க்குக்குப் போக வேண்டியதில்லை, பிளாக் மொத்தமாக பஃபருக்கு (மெமரியில் அதற்கென ஒதுக்கிய இடம்) வந்துவிட்டால் அடுத்தடுத்த ரீட் எல்லாம் மெமரியிலேயே முடிந்துவிடும். 27,920 பைட் பிளாக்கில் 349 ரெக்கார்டு அடங்கும். 10 லட்சத்துக்கு 2,866 பிளாக், அவ்வளவுதான்!

இடமும் மிச்சம். 3390 என்ற மெயின்ஃப்ரேம் டிஸ்க்கில் ஒவ்வொரு பிளாக்குக்கும் இடைவெளி, தலைப்பு என்று தனிச்செலவு உண்டு, அதனால் 80 பைட்டை ஒவ்வொன்றாக வைத்தால் ஒரு டிராக்கில் (டிஸ்க்கின் ஒரு வட்டப் பாதை) 78தான் பிடிக்கும், 349 வீதம் கட்டினால் 698. டேப் காலத்தில் இன்னும் மோசம். 1600 பிபிஐ (அங்குலத்துக்கு 1600 பைட்) டேப்பில் 80 பைட்டுக்கு 0.05 அங்குலம், அதை ஒட்டிய வெற்று இடைவெளி மட்டும் 0.6 அங்குலம், அதாவது காசு கொடுத்து வாங்கிய டேப்பில் பெரும்பகுதி வெறும் காலி!

இப்போது சீனியர் சொல்லாத பாதி. படிக்கிற ப்ரோக்ராமில் மட்டும் அந்த வரியைப் போட்டால் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் பிளாக் சைஸ் முடிவாவது ஃபைலை எழுதும்போது. எழுதுகிற ப்ரோக்ராமின் எஃப்டி-யில் (ஃபைலை விவரிக்கிற பகுதி) அந்த வரி இல்லையா, பிளாக் இல்லாமல்தான் எழுதும். அங்கே போடுங்கள், அப்புறம் படிக்கிற பக்கமும் போடுங்கள். ஜேசிஎல்-லில் (ஜாபை ஓட்டுகிற கட்டளைகள்) எப்போதோ யாரோ காப்பி அடித்து ஒட்டிய பிளாக் சைஸ் 80 கிடந்தால் அதைத் தூக்கிவிடுங்கள். பாதி நேரம் வில்லன் அதுதான். சைஸை சிஸ்டமே பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: அப்படியானால் பிளாக் சைஸை 32,760 பைட் வரைக்கும் பெரிதாக வைத்தால் இன்னும் வேகமா?
– அதே வாசகர்

பதில்: அவசரப்படாதீர்கள். 3390-இல் 27,998 பைட் வரைக்கும்தான் டிராக்குக்கு இரண்டு பிளாக். அதைத் தாண்டினால் ஒன்றுதான் உட்காரும், மிச்சம் வீண். 32,720 வைத்துப் பாருங்கள், டிராக்குக்கு 409 ரெக்கார்டு, 698 எங்கே போயிற்று? அரை டிராக் அளவு என்று எல்லோரும் சொல்வது இதனால்தான்.

கேள்வி: நான் ஜாவா எழுதுகிறவன். இதெல்லாம் எனக்கு எதற்கு?
– வாசகி, கோவை

பதில்: ஃபைல்இன்புட்ஸ்ட்ரீமில் ஒவ்வொரு பைட்டாக ரீட் கூப்பிட்டுப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓஎஸ்ஸின் கதவைத் தட்டும். பஃபர்டுஇன்புட்ஸ்ட்ரீமில் சுற்றினால் 8,192 பைட்டாக அள்ளிக்கொண்டு வரும். அதே டம்ளர், அதே குடம்.