கேள்வி பதில்: கேஎம்எஸ் சாவிகளை ஸ்கிரிப்டில் பட்டியல் எடுப்பது

பாலக்காட்டு எல்லைப் பக்கத்து நம் ஆட்கள் அனுப்பிய கேள்விகள் இவை. எல்லாமே அமேசான் கேஎம்எஸ் (டேட்டாவைப் பூட்டும் என்கிரிப்ஷன் சாவிகளை நிர்வகிக்கும் கிளவுட் சேவை) பற்றியவை, அதனால் அதை மட்டும் பேசுகிறேன்.

கஞ்சிக்கோட்டிலிருந்து: அக்கா, எங்கள் அக்கவுண்டில் நூற்றைம்பது சாவிக்கு மேல் இருக்குதுங்க. என் பைத்தான் ஸ்கிரிப்ட் சரியாக நூறு காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. எரரும் வரவில்லை.

எரர் வராது தம்பி, அதுதான் வம்பே. லிமிட் சொல்லாமல் லிஸ்ட்கீஸைக் (சாவிப் பட்டியல் கேட்கும் அழைப்பு) கூப்பிட்டால் ஒரு தடவைக்கு 100 தான் தரும். பதிலில் 'ட்ரங்கேட்டட்' என்பது ட்ரூ என்றிருந்தால் இன்னும் பாக்கி இருக்கிறது. கூடவே வரும் நெக்ஸ்ட்மார்க்கரை (விட்ட இடத்தின் அடையாளம்) அடுத்த அழைப்பில் மார்க்கராகக் கொடுக்க வேண்டும். லிமிட்டை 1000 வரை ஏற்றலாம்தான், ஆனால் அது பிரச்சினையைத் தள்ளிப்போடும் வேலை. போட்டோ3-இல் (அமேசானின் பைத்தான் லைப்ரரி) இதைத் தானாகவே செய்யும் பேஜினேட்டர் இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள்.

அப்புறம், இந்தப் பட்டியல் ஒரு ரீஜியனுக்கு (அமேசான் டேட்டா சென்டர்கள் இருக்கும் ஒரு பகுதி) மட்டும். மும்பையில் எடுத்தால் ஹைதராபாத் சாவிகள் வராது. ஹைதராபாத் ரீஜியன் 2022 நவம்பரில்தான் வந்தது. அதற்கு முன் எழுதிய ஸ்கிரிப்டுகள் பலவற்றில் மும்பை என்று நேராகவே எழுதி வைத்திருப்பார்கள், பாருங்கள்.

வருவதும் ஐடியும் ஏஆர்என்னும் (அமேசான் தரும் முழு அடையாளம்) மட்டுமே. நாம் வைத்த பெயர், அதாவது அலையாஸ், வேண்டுமென்றால் லிஸ்ட்அலையாசஸ் (அங்கே வழக்கமான அளவு 50). சாவி நம்முடையதா, அமேசானே நிர்வகிப்பதா, என்ன நிலையில் இருக்கிறது என்பதற்கெல்லாம் ஒவ்வொன்றுக்கும் டிஸ்கிரைப்கீ போட்டாக வேண்டும். இதைப் பிரிக்காமல் எண்ணினால் பில்லோடு கணக்கு ஒத்துப்போகாது. அமேசான் நிர்வகிக்கும் சாவிகளுக்கு மாதக் கட்டணம் கிடையாது, ஆனால் பட்டியலில் வந்து நிற்கும்.

வாளையாரிலிருந்து: எஸ்டிகே (போட்டோ3 மாதிரி ரெடிமேட் லைப்ரரி) இல்லாமல் நேரடியாக எச்டிடிபியில் கேட்க முடியுமா?

முடியும். கெட் அல்ல, போஸ்ட். எக்ஸ்-ஆம்ஸ்-டார்கெட் என்ற ஹெடரில் 'ட்ரென்ட்சர்வீஸ்.லிஸ்ட்கீஸ்' என்று போட்டு, சிக்வி4 கையொப்பமும் (கேட்பது நாம்தான் என்று காட்டும் அமேசான் முறை) இட வேண்டும். அந்தக் கையொப்பத்துக்கு நாமே கோட் எழுதுவது வீண் வேலை என்பேன். கையொப்பம் காலாவதி என்று வந்தால் முதலில் மெஷின் கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தள்ளிப்போனாலே மறுத்துவிடும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து: பட்டியல் வருகிறது, சில சாவிக்கு மட்டும் டிஸ்கிரைப்பில் ஆக்சஸ் டினைடு.

அந்தச் சாவிகளின் கீ பாலிசியை (சாவியோடு ஒட்டியிருக்கும் அனுமதி விதி) பாருங்கள். ஐஏஎம்மில் (அக்கவுண்டில் யாருக்கு என்ன அனுமதி என்று வைக்கும் இடம்) அனுமதி கொடுத்தது மட்டும் போதாது, கீ பாலிசியும் ஐஏஎம்முக்கு வழிவிட்டிருக்க வேண்டும். ஸ்கிரிப்ட் அந்த இடத்தில் செத்துவிடாமல், 'பார்க்க முடியவில்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போகட்டும்.

வேலந்தாவளத்திலிருந்து: பட்டியல் வெளியே போனால் சாவியே போன மாதிரியா மேடம்?

இல்லைங்க, சாவியின் உள்ளடக்கம் அதில் இல்லை. ஆனால் ஏஆர்என்னில் அக்கவுண்ட் எண் இருக்கும். வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டாம்.

கோவிந்தாபுரத்திலிருந்து: அலையாஸ் இல்லாத சாவிகளை அழித்தால் மாதம் சாவிக்கு ஒரு டாலர் மிச்சம்தானே?

அலையாஸ் இல்லை என்பதற்காக யாரும் அதைப் பயன்படுத்தவில்லை என்று ஆகாது. ஐடியை வைத்தே ஓடும் புரோகிராம்கள் உண்டு. கிளவுட்ட்ரெயில் (அக்கவுண்டில் யார் என்ன செய்தார்கள் என்ற பதிவேடு) ஈவென்ட் ஹிஸ்டரி 90 நாள் வரைதான் காட்டும். மார்ச் கணக்கு முடிக்கும்போது மட்டும் திறக்கிற பேக்கப் அதில் தெரியாது. முதலில் டிஸேபிள் செய்துவிட்டு யார் கத்துகிறார்கள் என்று பாருங்கள். அழிக்கச் சொன்ன பிறகும் 7 முதல் 30 நாள் காத்திருப்பு உண்டு, அந்தக் காலத்திலும் அது பட்டியலில் தெரியும். இடையில் ரத்து செய்தால் டிஸேபிள் நிலைக்கு வரும், மறக்காமல் எனேபிள் செய்யுங்கள்.