அலுவலக போன் சிஸ்டம், அஸ்டெரிஸ்க்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் சின்ன அலுவலகங்களுக்கு போன் சிஸ்டம் அமைத்துத் தருவது என் தொழில். முதலில் பழைய ஈபிஏபிஎக்ஸ் பெட்டிகள் (அலுவலகத்துக்குள் போன்களை இணைக்கிறவை), அப்புறம் பதின்மூன்று வருடமாக அஸ்டெரிஸ்க், அதாவது கம்ப்யூட்டரையே அந்தப் பெட்டியாக்குகிற மென்பொருள். கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே பாதிப் பதில்கள் இதைப் பிடித்துக்கொண்டுதான் போகும். இந்த சிஸ்டத்தில் மணி ஒரு வழியில் வருகிறது, குரல் வேறு வழியில் வருகிறது. அழைப்பைக் கூட்டி வைக்கிற வேலை சிப் (SIP) என்ற நெறிமுறையுடையது. பேச்சைச் சுமப்பது ஆர்டிபி (RTP) என்ற இன்னொரு நெறிமுறை. எந்த வழி அடைத்திருக்கிறது என்று பார்க்காமல் செட்டிங்கை மாற்றிக்கொண்டே போனால் பொழுதுதான் போகும்.

கேள்வி: அண்ணா, 12 பேர் வேலை செய்கிற ஆடிட்டர் ஆபீஸ். பழைய ஈபிஏபிஎக்ஸ் இடி விழுந்ததில் போய்விட்டது. அஸ்டெரிஸ்க் போடுவதா, ஃப்ரீபிபிஎக்ஸ் போடுவதா? எந்த மாதிரி மெஷின் வேண்டும்?

இரண்டும் போட்டி இல்லை தம்பி. அஸ்டெரிஸ்க் என்பது இன்ஜின். 1999இல் மார்க் ஸ்பென்சர் தன் லினக்ஸ் சேவை நிறுவனத்துக்கு போன் சிஸ்டம் வாங்கக் காசு போதாமல் தானே எழுத ஆரம்பித்தது. ஃப்ரீபிபிஎக்ஸ் அந்த இன்ஜின் மேல் உட்கார்ந்திருக்கிற வெப் பக்கம். எக்ஸ்டென்ஷன் (ஒவ்வொருவருக்குமான உள் எண்), ஐவிஆர் ("ஒன்றை அழுத்துங்கள்" என்று சொல்கிற குரல்), ஆபீஸ் நேரம் எல்லாம் மவுஸால் அமைக்கலாம். உங்களுக்கு ஃப்ரீபிபிஎக்ஸ் போதும்.

பதிப்பு 17 எடுங்கள், டெபியன் 12 மேல் ஓடுவது. பழைய வீடியோக்களில் சென்ட்ஓஎஸ் 7 மேல் போடச் சொல்வார்கள். அதற்கான ஆதரவு 2024 ஜூன் 30உடன் முடிந்துவிட்டது, தொடாதீர்கள். அதே வீடியோக்களில் வருகிற பழைய சிப் டிரைவரும் அஸ்டெரிஸ்க் 21இல் இருந்து நீக்கப்பட்டுவிட்டது. இப்போது பிஜேசிப் என்ற புதிய டிரைவர் மட்டும்தான்.

மெஷினுக்குப் பெரிய செலவு வேண்டாம். 4 ஜிபி ராம், ஒரு நல்ல எஸ்எஸ்டி உள்ள பழைய டெஸ்க்டாப் 12 பேருக்குத் தாராளம். அஸ்டெரிஸ்க் ராஸ்பெரி பை என்ற கையளவு கம்ப்யூட்டரிலும் ஓடும். ஆனால் கால் ரெக்கார்டிங் போட்டால் மெமரி கார்டு சீக்கிரம் தேய்ந்துபோகும். காசை மிச்சம் பிடிக்கக்கூடாத இடம் யுபிஎஸ். சர்வருக்கு மட்டும் இல்லை, ரூட்டருக்கும் ஸ்விட்சுக்கும் சேர்த்து. கரண்ட் போனதும் சர்வர் உயிரோடு இருந்து ஸ்விட்ச் செத்துப்போனால் என்ன பிரயோஜனம்? பிஓஇ ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிளிலேயே கரண்டும் அனுப்புவது) வாங்கினால் மேஜை போன்களுக்கும் அதிலிருந்தே கரண்ட் போய்விடும்.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் ஃபைபர் வைத்திருக்கிறோம் சார். ஆனாலும் மத்தியானத்தில் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது. வேகத்தைக் கூட்ட வேண்டுமா?

வேண்டாம். ஜி.711 கோடெக்கில் (குரலை டேட்டாவாக மாற்றுகிற முறை) ஒரு அழைப்பு ஒரு திசைக்கு எடுப்பது சுமார் 80 கேபிபிஎஸ். விநாடிக்கு 50 பாக்கெட், ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல், 40 பைட் முகவரிச் சுமை. பத்து பேர் சேர்ந்து பேசினாலும் ஒரு எம்பிபிஎஸ் தாண்டாது. பாக்கெட்டுகள் சீராக வராததுதான் சிக்கல். மத்தியானம் யாரோ டிரைவுக்கு பேக்கப் ஏற்றுகிறார்களா என்று பாருங்கள். அப்லோடு நிரம்பினால் குரல் பாக்கெட்டுகள் வரிசையில் நிற்கும். ரூட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுங்கள். போன்கள் வைஃபையில் இருந்தால் முதலில் கேபிளுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: அண்ணா, வீட்டிலிருந்து வேலை செய்கிற பெண்ணுக்கு எக்ஸ்டென்ஷன் கொடுத்தோம். மணி அடிக்கிறது, எடுக்கிறார், அவர் பேசுவது எங்களுக்குக் கேட்கிறது. நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்கவில்லை. மூன்று நாளாகப் போராடுகிறேன்.

எனக்கு அதிகம் வருகிற கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

மணி அடித்ததால் சிப் வழி சரி. உடைந்தது குரல் வழி, அதுவும் ஒரு திசை மட்டும். சர்வரில் சிப் செய்திகளைக் காட்டுகிற எஸ்என்ஜிரெப் என்ற கருவி இருக்கிறது. இல்லாவிட்டால் நிறுவிக்கொள்ளுங்கள். அதை ஓடவிட்டு அந்தப் பெண்ணை ஒரு அழைப்பு போடச் சொல்லுங்கள். ஏணிப் படம் மாதிரி அம்புகள் வரும். முதல் செய்தியைத் திறந்தால் அடிப்பக்கம் எஸ்டிபி என்ற பகுதி இருக்கும். அதில் 'சி' என்று ஆரம்பிக்கிற வரியில் ஒரு ஐபி முகவரி. "என் குரலை இங்கே அனுப்பு" என்று ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்குச் சொல்கிற விலாசம் அது.

அவர் போன் அனுப்பியதில் 192.168.1.20 போன்ற முகவரி இருக்கும். அது அவர் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகிற விலாசம். "மாடியில் இரண்டாவது ரூம்" என்று எழுதித் தபாலில் போட்ட மாதிரி. உங்கள் சர்வர் அதை நம்பி அனுப்பினால் குரல் எங்கும் போய்ச் சேராது. அவர் குரல் வருகிறது என்றால் உங்கள் பக்கம் விலாசம் சரியாகவே இருக்கிறது. அந்த எக்ஸ்டென்ஷனில் ஆர்டிபி சிம்மெட்ரிக், ரீரைட் கான்டாக்ட், ஃபோர்ஸ் ஆர்போர்ட் மூன்றையும் 'எஸ்' ஆக்குங்கள். எழுதிய விலாசத்தை விட்டுவிட்டு, பாக்கெட் உண்மையில் எங்கிருந்து வந்ததோ அங்கேயே சர்வர் திருப்பி அனுப்பும். டைரக்ட் மீடியாவை (சர்வரைத் தாண்டி நேராகக் குரல் போவது) 'நோ' ஆக்குங்கள்.

உங்கள் கேஸ் தலைகீழாக இருந்தால், அதாவது அவருக்குக் கேட்டு உங்களுக்குக் கேட்காவிட்டால், உங்கள் பக்கம் பாருங்கள். சிப் செட்டிங்கில் வெளி ஐபி முகவரியும் உள் நெட்வொர்க்கும் எழுதியிருக்கிறதா? ரூட்டரில் குரல் வருகிற யுடிபி போர்ட்டுகள் 10000 முதல் 20000 வரை சர்வருக்குத் திருப்பியிருக்கிறதா? இரண்டு பக்கமும் ரூட்டரில் சிப் ஏஎல்ஜி என்று ஒன்று இருந்தால் அணைத்துவிடுங்கள். உதவி செய்வதாக எழுதியிருக்கும். ஆனால் பாக்கெட்டுக்குள் கைவிட்டு விலாசத்தை மாற்றி, அரைகுறையாக விட்டுவிடும்.

கேள்வி: வெளியிலிருந்து வருகிற கால் எல்லாம் அரை நிமிடத்தில் கட் ஆகிறது. பேசும்போது குரல் தெளிவாகவே இருக்கிறது.

கையில் வாட்ச் வைத்து எண்ணிப் பாருங்கள். 32 விநாடி வரும்.

நீங்கள் ரிசீவரை எடுத்ததும் உங்கள் சர்வர் 200 என்ற பதிலை அனுப்பும். "கிடைத்தது" என்று எதிர்ப்பக்கம் ஏக் என்ற ஒரு செய்தியைத் திருப்பித் தர வேண்டும். அது வராவிட்டால் சர்வர் அரை விநாடி, ஒரு விநாடி, இரண்டு விநாடி என்று இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப அனுப்பும். 32 விநாடி ஆனதும் கைவிட்டு அழைப்பைத் துண்டித்துவிடும். குரல் வேறு வழியில் போவதால் அதுவரை நன்றாகவே கேட்கும். எஸ்என்ஜிரெப்பில் அதே 200 வரிசையாகப் பத்துப் பதினொரு முறை போவது தெரிந்தால் இதுதான் என்று முடிவு செய்துகொள்ளலாம். காரணம் அநேகமாக உங்கள் சர்வர் கான்டாக்ட் வரியில் (அடுத்த செய்தியை எங்கே அனுப்புவது என்று சொல்கிற வரி) உள் முகவரியை எழுதி அனுப்புவது. மேலே சொன்ன வெளி ஐபியைச் சரிசெய்யுங்கள், போய்விடும்.

இன்னொருவர் 15 நிமிடத்தில் கட் ஆகிறது என்று எழுதியிருக்கிறார். அது செஷன் டைமர். 1800 விநாடி என்று பேசி வைத்து, பாதியில், அதாவது 900ஆவது விநாடியில், "இருக்கிறாயா" என்று ஒரு பக்கம் கேட்கும். அந்தக் கேள்வியோ பதிலோ ஃபயர்வாலில் நின்றுபோகிறது. டிரங்கில் (வெளி லைன் இணைப்பில்) குவாலிஃபை, அதாவது எதிர்ப்பக்கம் இருக்கிறதா என்று பார்க்கிற இடைவெளியை 30 விநாடி ஆக்கி வழியைத் திறந்தே வையுங்கள். சோதிப்பதற்கு மட்டும் டைமரை அணைத்துப் பார்க்கலாம்.

கேள்வி: ஐயா, எங்களிடம் இருப்பது பழைய செம்புக் கம்பி லேண்ட்லைன் இரண்டு. கேட்வே (லைனை சர்வரோடு சேர்க்கிற பெட்டி) வழியாக இணைத்தோம். கூப்பிட்டவர் வைத்துவிட்ட பிறகும் லைன் பிஸியாகவே இருக்கிறது. அழைப்பவர் நம்பரும் தெரியவில்லை. செல்போனுக்குப் போட்டால் போவதே இல்லை.

மூன்றும் நம் நாட்டு லைனின் குணம். கேட்வே அமெரிக்க செட்டிங்கோடு பெட்டியிலிருந்து வந்திருக்கும்.

எதிர்ப்பக்கம் வைத்துவிட்டதை கேட்வே பிஸி டோனைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும். இந்தியாவில் அது 400 ஹெர்ட்ஸ், முக்கால் விநாடி ஒலி, முக்கால் விநாடி அமைதி. டிஸ்கனெக்ட் டோன் என்ற இடத்தில் இதை எழுதுங்கள். கன்ஜெஷன் டோன் கால் விநாடிக்குக் கால் விநாடி. அதையும் சேர்த்துவிடுங்கள்.

நம்பர் விஷயம்: அமெரிக்காவில் முதல் மணிக்கும் இரண்டாவது மணிக்கும் நடுவில் நம்பர் வரும். இங்கே பல லைன்களில் மணிக்கு முன்பே, லைனின் துருவம் மாறிய உடன் டிடிஎம்எஃப் ஒலியாக (எண் பட்டனை அழுத்தினால் கேட்கிற ஒலி) வருகிறது. சர்வருக்குள் அனலாக் கார்டு வைத்திருப்பவர்களுக்காக அஸ்டெரிஸ்கில் இந்தியா பெயரிலேயே இதற்கு ஒரு தேர்வு இருக்கிறது. கேட்வேயில் காலர் ஐடி முறையை டிடிஎம்எஃப் ஆக்குங்கள்.

செல்போன்: 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்கு முன்னால் 0 போட வேண்டும். அவுட்பவுண்ட் ரூட்டில் (வெளியே போகிற காலுக்கான விதி) 6 முதல் 9 வரை ஆரம்பிக்கிற பத்து இலக்க எண்ணுக்கு முன்னொட்டாக 0 சேர்த்துவிட்டால் ஊழியர்கள் எப்போதும் போல் அடிக்கலாம்.

லைனை கேட்வேயின் எஃப்எக்ஸ்ஓ (வெளி லைனுக்கான) போர்ட்டில்தானே குத்தியிருக்கிறீர்கள்? எஃப்எக்ஸ்எஸ் என்பது போனுக்கு. லைனை அதில் குத்தினால் போர்ட்டே கெட்டுப்போகலாம்.

கேள்வி: சிப் டிரங்க் (சிப் வழியில் வருகிற வெளி லைன்) வாங்கினோம். யூசர் நேம், பாஸ்வேர்டு எதுவும் தரவில்லை. ஒரு ஐபி முகவரி மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். வருகிற கால் வருகிறது, போகிற காலுக்கு 403 வருகிறது.

பெரிய நிறுவனங்களின் டிரங்குகள் பல இப்படித்தான். தனி வயர், தனி ஐபி. அந்த முகவரியிலிருந்து வந்தாலே நம்புவார்கள். அதனால் ரெஜிஸ்ட்ரேஷன், ஆதென்டிகேஷன் இரண்டையும் 'நன்' (எதுவும் இல்லை) என்று வையுங்கள். சர்வரில் இரண்டாவது நெட்வொர்க் கார்டு போட்டு, அவர்கள் முகவரிக்கு அந்தக் கார்டு வழியாகத் தனி ரூட் எழுதுங்கள்.

403 என்றால் செய்தி போய்ச் சேர்ந்தது, மறுத்துவிட்டார்கள். அநேகமாக ஃப்ரம் வரியில் (அழைப்பது யார் என்று சொல்கிற வரி) உங்கள் எக்ஸ்டென்ஷன் நம்பர் 105 என்று போகிறது. அவர்கள் கொடுத்த நம்பர் போக வேண்டும், அதுவும் அவர்கள் கேட்கிற வடிவத்தில். 91 போட்டா, 0 போட்டா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இதிலே ஒரு நுணுக்கம். அவர்கள் நெட்வொர்க்கை சிப் செட்டிங்கில் உள் நெட்வொர்க் பட்டியலில் சேர்க்க மறக்காதீர்கள். சேர்க்காவிட்டால் சர்வர் அவர்களுக்கும் உங்கள் இணைய ஐபியை விலாசமாகக் கொடுக்கும். கால் போகும், குரல் வராது. எனக்கே முதல் தடவை ஒரு முழு ராத்திரி இதில் போயிற்று. 403க்குப் பதில் 488 வந்தால் கோடெக் ஒத்துவரவில்லை. இந்தியாவில் ஏ-லாவை (ஜி.711இன் ஒரு வகை) முதலில் வையுங்கள்.

கேள்வி: பேங்க் ஐவிஆரில் 1 அழுத்தினால் எடுத்துக்கொள்வதில்லை.

டிரங்கிலும் எக்ஸ்டென்ஷனிலும் டிடிஎம்எஃப்பை ஆர்எஃப்சி 4733 ஆக்குங்கள். அப்படியும் போகாவிட்டால் எதிர்ப்பக்கம் எதை ஏற்கிறது என்று டிரங்க் கொடுத்தவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: வளைகுடாவில் இருக்கிற உறவினர் சிம் போடுகிற கேட்வே வாங்கி வைக்கச் சொல்கிறார். வெளிநாட்டுக் கால்களை இங்கே லோக்கலாக மாற்றிவிட்டால் மாதம் பணம் வரும் என்கிறார்.

வேண்டவே வேண்டாம். அது சிம் பாக்ஸ். சட்டவிரோதம், போலீஸ் கேஸ். பெட்டியும் சிம்மும் உங்கள் வீட்டில் இருக்கும், மாட்டுவதும் நீங்கள்தான்.

கேள்வி: சார், எங்கள் லாக்கில் ராத்திரி முழுக்க யார் யாரோ லாகின் செய்யப் பார்க்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டிய விஷயம்தான். சிப் செய்திகள் வருகிற 5060 போர்ட்டை உலகத்துக்குத் திறந்து வைத்தால் தேடிக்கொண்டே திரிகிற ஸ்கிரிப்டுகள் சில மணி நேரத்துக்குள் கண்டுபிடித்துவிடும்.

நான் பார்த்த ஒரு பனியன் கம்பெனியில் எக்ஸ்டென்ஷன் 101க்குப் பாஸ்வேர்டும் 101. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெளியிலிருந்து பேச வசதியாக யாரோ போர்ட்டைத் திறந்திருக்கிறார்கள். திங்கள் காலையில் என்னைக் கூப்பிட்டார்கள். கால் பதிவேட்டைத் திறந்தால் மூன்று ராத்திரியும் நிமிடத்துக்கு ஒரு வெளிநாட்டுக் கால், ஒருவர்கூடப் பேசவில்லை. அந்த நம்பர்களுக்குப் போகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் எங்கோ ஒருவனுக்குப் பங்கு. பில் முதலாளி தலையில். அந்த மனிதர் பதிவேட்டைப் பார்த்தபடி ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதனால் இன்றைக்கே செய்யுங்கள். 5060ஐ டிரங்க் முகவரிக்கு மட்டும் திறங்கள். வெளியில் இருப்பவர்களுக்கு வயர்கார்ட் விபிஎன் (இணையத்துக்குள் பூட்டிய தனி வழி) கொடுங்கள். பாஸ்வேர்டை ஃப்ரீபிபிஎக்ஸ் தானாக உருவாக்குவதை மாற்றாதீர்கள், யாரும் அதைக் கையால் அடிக்கப்போவதில்லை. தப்பான லாகின் முயற்சிகளைத் தடுக்கிற ஃபெயில்2பேன் ஓடுகிறதா என்று பாருங்கள். 00 என்று ஆரம்பிக்கிற எண்ணுக்கு அவுட்பவுண்ட் ரூட்டே எழுதாதீர்கள். அதற்கு மேல், லைன் கொடுத்தவர்களிடமே ஐஎஸ்டியை (வெளிநாட்டுக் கால் வசதி) மூடச் சொல்லுங்கள். சர்வரே கைமாறினாலும் அந்தப் பூட்டு நிற்கும்.

நிர்வாகப் பக்கம் இணையத்தில் தெரியவே கூடாது. 2025 ஆகஸ்டில் ஃப்ரீபிபிஎக்ஸின் எண்ட்பாயிண்ட் மாட்யூலில் ஒரு ஓட்டை வெளிப்பட்டது. அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்த சர்வர்களுக்குள் பாஸ்வேர்டு இல்லாமலே புகுந்தார்கள். அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள்.

கேள்வி: அண்ணா, ஐவிஆருக்கு செல்போனில் பதிவு செய்து ஏற்றினோம். கரகரவென்று இருக்கிறது. கம்ப்யூட்டர் குரல் போட்டுவிடலாமா?

கம்ப்யூட்டர் குரல் வேண்டாம், உங்கள் ரிசெப்ஷனில் இருப்பவர் குரலே நல்லது. கூப்பிடுகிறவர்களுக்கு ஏற்கெனவே பழகிய குரல். மின்விசிறியை அணைத்துவிட்டு, போர்வையோ துணியோ நிறைய இருக்கிற அறையில் பதிவு செய்யுங்கள். பிறகு ஒடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் மோனோ, 8000 ஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் ஆக மாற்றி ஏற்றுங்கள். சாதாரண போன் லைன் சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். ஒலியை அதிகம் ஏற்றினால் அதுவே கரகரக்கும், கொஞ்சம் இறக்கியே வையுங்கள்.

வாசகத்தைச் சுருக்குங்கள். வேலையை முதலில் சொல்லி எண்ணைப் பிறகு சொல்லுங்கள்: "கணக்கு விவரங்களுக்கு ஒன்று, ஆர்டர் கொடுக்க இரண்டு." எண்ணை முதலில் சொன்னால், எதற்கு என்று கேட்டு முடிப்பதற்குள் மறந்துவிடும். ஒன்றும் அழுத்தாதவர்களை ஐந்து விநாடியில் நேராக ரிசெப்ஷனுக்கு அனுப்பிவிடுங்கள். வயதானவர்கள் பலர் பட்டனைத் தேடாமல் காத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.