மகனின் கைக்கு அஞ்சி வாழ்கிறேன்

அன்புள்ள ஆலோசகருக்கு,

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். கணவர் குவைத்தில் ஓட்டுநர். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவார். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு வயது 13. ஏழாம் வகுப்பின் அரையாண்டு விடுமுறை வரை அவன் சற்றுப் பிடிவாதக்காரன், அவ்வளவுதான். அதன் பிறகு, கேட்டது கிடைக்காவிட்டால் கையில் அகப்பட்டதை எறியத் தொடங்கினான். அலைபேசியை வாங்கி வைத்ததற்காக மிக்சி ஜாரை என் மீது எறிந்ததில் புருவத்தில் மூன்று தையல் விழுந்தது. மருத்துவமனையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன். சென்ற மாதம் அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு 9 வயதுத் தங்கையைத் துரத்தினான். அன்று முதல் அவள் என் தாய் வீட்டில்தான் உறங்குகிறாள். கோபம் தணிந்ததும் என் காலடியில் படுத்து அழுகிறான். இரவு இரண்டு மணி வரை விழித்திருக்கிறான்; உயிராக நினைத்த கிரிக்கெட்டுக்கும் இப்போது போவதில்லை.

ஒரு தனியார் மருத்துவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டுத் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். மறுமுறை அழைத்தபோது, "நான் பைத்தியம் இல்லை" என்று கதவைச் சாத்திக்கொண்டான். பள்ளியில் டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். மாமியார் மந்திரித்துக் கயிறு கட்டலாம் என்கிறார். கணவர் சென்ற முறை வந்தபோது பெல்ட்டால் அடித்தும் அவன் திருந்தவில்லை; நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டதாகத் தொலைபேசியில் திட்டுகிறார். மனநல மருத்துவமனையில் சேர்த்தால் சங்கிலியால் கட்டுவார்களா? கரண்ட் வைப்பார்களா? நாளை அவன் படிப்புக்கும் திருமணத்துக்கும் தடையாகுமா?

ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

வழுக்கி விழுந்ததாகச் சொன்னீர்களே, அந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன். மகனைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன பொய் அது. ஆனால் அடியின் அளவு தெரியாத மருத்துவருக்குச் சிகிச்சையின் அளவும் தெரியாது. ஆகவே முதல் முறை அவனை அழைத்துப் போக வேண்டாம். நீங்கள் மட்டும் போங்கள். என்னென்ன நடந்தது, எந்த நேரத்தில், அதற்குச் சற்று முன்னால் என்ன பேச்சு, அவன் எத்தனை மணி நேரம் உறங்கினான் என்பதையெல்லாம் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ புதுச்சேரி ஜிப்மரிலோ மனநலப் பிரிவில் காட்டலாம். அதற்கு முன்பே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416 என்ற, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸில் இரவிலும் தமிழில் பேசுவார்கள்.

கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன செய்திதான் என்னை நிறுத்தியது. கணவர் பெல்ட்டால் அடித்தது எப்போது? அந்த அரையாண்டு விடுமுறையை ஒட்டியா? அப்படியானால், அடித்தும் திருந்தவில்லை என்பதைவிட அடித்த பிறகே தொடங்கியது என்று சொல்வது உண்மைக்கு நெருக்கமாக இருக்கக்கூடும். இதைக் கணவர் மீது பழி போடுவதற்காகச் சொல்லவில்லை. மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் இதுவும் ஒன்றாக இருக்கும். பள்ளியில் கேலியோ பாலியல் சீண்டலோ நடந்ததா என்பதையும், போதைப் பழக்கத்தையும் கேட்பார்கள். தேவைப்பட்டால் தைராய்டு, வலிப்பு தொடர்பான சோதனைகளும் செய்வார்கள். இந்த வயதில் மனச்சோர்வு சோகமாக அல்லாமல் எரிச்சலாகவும் கோபமாகவும் வெளிப்படுவதுண்டு. உறக்கம் கெட்டதும் கிரிக்கெட்டை விட்டதும் அந்தத் திசையைக் காட்டுகின்றன. ஆனால் கடிதத்தை மட்டும் வைத்து நோய்க்குப் பெயர் சூட்டுவது முறையல்ல.

பல் மருத்துவரிடம் போகிறோம் என்பது போல ஏமாற்றி அழைத்துச் செல்லாதீர்கள். ஒரு முறை ஏமாந்தால் அடுத்த முறை வரமாட்டான். "உனக்குத் தூக்கம் வருவதில்லை, அழுதுகொண்டே இருக்கிறாய், அதற்காகப் போகிறோம்" என்று சொன்னால் அது உண்மையும்கூட. சிகிச்சை என்பது பெரும்பாலும் அவனுடனும் உங்களுடனும் தனித்தனியாகப் பல வாரங்கள் நடக்கும் பேச்சுதான். ஆக்ரோஷம் கடுமையாக இருந்தால் ரிஸ்பெரிடோன் போன்ற மருந்தைச் சில காலம் தருவதுண்டு. அப்போது உடல் எடையையும் சர்க்கரையையும் கவனிக்க வேண்டும், மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது. வீட்டில் மீதமுள்ள தூக்க மாத்திரைகளை இன்றே பூட்டி வையுங்கள்.

சங்கிலியைப் பற்றிய உங்கள் அச்சத்துக்குக் காரணம் உண்டு. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். ஆனால் அது மருத்துவமனை அல்ல, தர்காவை அண்டி நடத்தப்பட்ட தனியார் காப்பகம். மாமியார் மனம் ஆறக் கயிறு கட்டிக்கொள்ளட்டும். சிகிச்சைக்குப் பதிலாக மட்டும் வேண்டாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. பாதுகாவலரின் இசைவும் மனநல மறுஆய்வு வாரியத்தின் முன் அனுமதியும் இல்லாமல் சிறாருக்கு மின் அதிர்வு சிகிச்சை அளிக்க முடியாது. உள்நோயாளியாகச் சேர்க்க நேர்ந்தால், மனநல மருத்துவர் ஒருவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்து அவசியம் என்று சொல்ல வேண்டும். பெரியவர்களிடமிருந்து பிரித்துத்தான் வைக்க வேண்டும். நீங்களோ நீங்கள் அமர்த்தும் ஒருவரோ முழு நாளும் உடனிருக்க வேண்டும். சிகிச்சை விவரம் இரகசியம். திருமணக் கவலையைப் பத்தாண்டுகளுக்குத் தள்ளிவைக்கலாம்.

பள்ளியில் எதிலும் கையெழுத்திடாதீர்கள். எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். அதனால்தான் நீங்களே டி.சி. கேட்டு எழுதித் தர வேண்டும் என எதிர்பார்க்கிறார்கள்.

அரிவாள்மனை, கத்தி ஆகியவற்றை அவன் கைக்கு எட்டாமல் வையுங்கள். அவன் கை ஓங்கும்போது நியாயம் பேசாமல் வெளியே வந்துவிடுங்கள். கூப்பிட்டால் ஓடி வரக்கூடிய ஓர் அண்டை வீட்டாரிடமாவது உண்மையைச் சொல்லி வையுங்கள். ஆயுதம் எடுத்தால் 108ஐ அழைக்கத் தயங்காதீர்கள். மகள் இப்போதைக்குப் பாட்டி வீட்டில் உறங்குவதே சரி. ஆனால் அவள் அங்கே அனுப்பப்பட்டது தன் தவறால் அல்ல என்பதை யாரும் அவளிடம் சொன்னதாக உங்கள் கடிதத்தில் இல்லை. நாளை மாலை போய் நீங்களே சொல்லுங்கள்.