கைதட்டாதீர்கள்

வணக்கம் ஐயா,

என் மகளுக்கு 12 வயது. நான்கு வருடமாகப் பரதம் கற்கிறாள். கட்டைவிரலை மடக்கினால் முன்கையைத் தொடும். நேராக நின்றால் முட்டி பின்பக்கம் வளையும். ‘ரப்பர் உடம்பு, பாலேவுக்கென்றே பிறந்தவள்’ என்கிறார் டீச்சர். மே விடுமுறையில் பெங்களூர் பாலே வகுப்பில் சேர்த்துவிடச் சொல்லிக் கெஞ்சுகிறாள். ஆனால் ஆறு மாதத்தில் இரண்டு முறை கணுக்கால் பிசகிவிட்டது. சேர்க்கலாமா? கால்சியம் குறைவா? எண்ணெய் போட்டு நீவலாமா?

ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள சகோதரி,

போன வாரம் அம்மாப்பேட்டையில் ஒரு கல்யாணம். பத்து வயதுப் பெண் ஒருத்தியை நடுவில் நிறுத்தி, காலை இரண்டு பக்கமும் விரித்து உட்காரச் சொல்லி, விரல்களைப் பின்னால் வளைக்கச் சொல்லி, கூட்டமே கைதட்டியது. சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன். அதே நினைப்பில் இருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

கால்சியத்தை விடுங்கள், இது எலும்புச் சங்கதி இல்லை. பிசகிய காலை யாரிடமும் நீவக் கொடுக்காதீர்கள். எலும்போடு எலும்பைக் கட்டிவைத்திருக்கும் லிகமெண்ட் என்கிற நார் சிலருக்குப் பிறவியிலேயே இளக்கம். பெரும்பாலும் அது நோயும் இல்லை. பெய்ட்டன் சோதனை என்று ஒன்று உண்டு, 9 மதிப்பெண். சுண்டுவிரல், கட்டைவிரல், முழங்கை, முட்டி அளவுக்கு மீறி வளைந்தால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்துக்கு ஒன்று. முட்டி மடக்காமல் குனிந்து உள்ளங்கையைத் தரையில் பதித்தால் இன்னொன்று. வயதுக்கு வராத பிள்ளைக்கு 6 வந்தால் மூட்டு இளகிய உடம்பு என்பார்கள். இரண்டு பக்கமும் நீங்கள் சொன்னபடிதான் என்றால், கட்டைவிரலிலும் முட்டியிலுமே அவளுக்கு 4 வந்துவிட்டது.

என் அக்காவும் இப்படித்தான். செவ்வாய்ப்பேட்டையில் அப்பாவுக்குக் கொலுசுப் பட்டறை. யார் வந்தாலும் அம்மா அக்காவைக் கூப்பிடுவாள், “கையை வளைச்சுக் காட்டுடி.” நாட்டியம் சொல்லிக்கொடுக்க வந்தவர் அவளைச் சுவரோரம் உட்காரவைத்து, முட்டியின் மேல் தன் காலை வைத்து அழுத்துவார். இன்னும் வளையும், இன்னும் வளையும் என்பார். வளைந்தது. ஏற்காடு கோடை விழாவில் ஆடப் போனாள். நாட்டடவு என்கிற பரத அடவில் காலை நீட்டி வைத்தபோது கணுக்கால் மடங்கியது. இறங்கும் பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவுக்கும் அவள் கால் என் மடியில் இருந்தது. வளைவுக்கு வளைவு வீங்கியது. முன்சீட்டுக்காரரிடம் அம்மா அப்போதும் சொல்லிக்கொண்டிருந்தாள், “இவ உடம்பு வில்லு மாதிரி வளையுங்க.” அடுத்த வருடம் கொடியில் ஈரச்சேலையை வீசிப் போடும்போது அக்காவின் தோள் நழுவியது. அப்போது அவளுக்கு 17.

ஒன்றை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். நார் இளகியவர்களுக்கு மூட்டைத் தாங்குவது தசைதான். அது நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டே இருப்பதால் இறுகிப்போகும். பிள்ளை “இறுக்கமா இருக்கு” என்பாள். உடனே இன்னும் நீட்டச் சொல்வார்கள். நீட்டும்போது நீளுவது அந்த இறுகிய தசை இல்லை, ஏற்கெனவே தளர்ந்த மூட்டுதான். மறுநாள் தசை இன்னும் இறுகும், இன்னும் நீட்டுவார்கள். அதோடு, மூட்டு எங்கே நிற்கிறது என்று மூளைக்குப் போகும் தகவலும் இவர்களில் பலருக்கு மந்தம். முட்டி பின்னால் போய்ப் பூட்டிக்கொண்டதே அவளுக்குத் தெரியாது. முட்டியை வெளிப்பக்கம் மடக்கி நிற்கும் அரைமண்டியில் இடுப்பிலிருந்து திருப்ப வேண்டியதை முட்டியிலும் பாதத்திலும் திருப்பி ஒப்பேற்றுவாள், அதுவும் தெரியாது. நேராக நிற்பது என்றால் பூட்டுவதற்கு ஒரு நூல் முன்னாலேயே நிறுத்துவது என்று யாராவது அவளுக்குச் சொல்லித்தர வேண்டும். ஒற்றைக்காலில் நிற்க வேண்டும், கண்ணை மூடியும் நிற்க வேண்டும், குதிகாலைத் தூக்கி மெதுவாக இறக்க வேண்டும். பார்க்க ஒன்றும் அழகாக இருக்காது. யாரும் கைதட்ட மாட்டார்கள்.

பாலேயில் பின்னுக்கு வளையும் முட்டி காலின் கோட்டுக்கு அழகு. அதற்காகவே இப்படிப்பட்ட பிள்ளைகளை விரும்பி எடுப்பதும் உண்டு. ஆனால் லண்டன் ராயல் பாலேயின் பள்ளியிலும் குழுவிலும் செய்து 2004இல் வெளிவந்த ஆய்வைப் பாருங்கள். மூட்டு இளக்கத்தோடு வலியும் சேர்ந்த நிலை மாணவிகளிடம் அதிகம். தொழில்முறைக் கலைஞர்களிடம் குறைவு, முதன்மை நடனமணிகளிடம் இன்னும் குறைவாகத் தென்பட்டது. நடுவில் உதிர்ந்துபோன பெண்கள் எத்தனை பேரோ என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வீட்டுக்கு யாராவது வந்தால் நீங்களும் அவளை வளைத்துக் காட்டச் சொல்கிறீர்களா? கடிதத்தில் ஒரு பெருமை தெரிகிறது, அதனால் கேட்கிறேன். சொல்கிறீர்கள் என்றால் இன்றோடு நிறுத்துங்கள். அவள் நீங்கள் பெற்ற பிள்ளை, வேடிக்கைப் பொருள் இல்லை.

நடனத்தை நிறுத்த வேண்டாம். அதை நிறுத்திவிட்டால் இருக்கிற தசைபலமும் போகும், அவள் மனசும் உடையும். பெங்களூர் இந்த மே மாதம் வேண்டாம். முதலில் எலும்பு மூட்டு டாக்டர், அப்புறம் ஒரு நல்ல பிசியோதெரபிஸ்ட். காலில் பலம் வந்தபிறகு பாலேவோ பரதமோ, அவள் இஷ்டம்.

உங்கள் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். இடது தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். முடித்ததும், “அந்தப் பிள்ளைக்கு எந்தக் கால்?” என்றாள். நீங்கள் அதை எழுதவில்லை. எழுதுங்கள்.