காந்தம் ஒட்டாத கார்

கேள்வி: டெல்லிப் பதிவில் 2011 மாடல் ஆடி (Audi) டிடி கூபே ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 2.0 பெட்ரோல், ஆட்டோமேட்டிக், நாலு சக்கர டிரைவ், 62,000 கி.மீ. ஓடியது. சென்னையில் சொல்லும் விலையைவிட நன்றாகவே குறைவு. ஆனால் பானெட்டில் காந்தம் ஒட்டவில்லை. அடிபட்ட இடத்தைப் பூசி மறைத்த மொத்தமும் பட்டி என்கிறார் எங்கள் மெக்கானிக். வாங்கலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: மெக்கானிக்கைக் கோபித்துக்கொள்ளாதீங்க. மாருதிக்கு அது சரியான சோதனைதான். இந்தத் தலைமுறை டிடியின் பாடியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அலுமினியம். பானெட், முன் ஃபெண்டர், கூரை மூன்றிலும் காந்தம் ஒட்டாது; கதவிலும் டிக்கி மூடியிலும் ஒட்டணும். பானெட்டில் ஒட்டியிருந்தால்தான் நான் உங்களைத் தடுத்திருப்பேன். பெயின்ட் கனம் பார்க்கும் கருவியில் அலுமினியத்துக்கும் அளவு காட்டும் வகை உண்டு. அதை வைத்திருப்பவரைக் கூட்டிப் போங்க. முன்பக்கம் பலமாக அடிவாங்கிய வண்டி என்றால் விட்டுவிடுங்க. அலுமினியத்தைத் தட்டி நிமிர்த்துவது நம் டிங்கரிங் கடை வேலை இல்லை.

விலை குறைந்ததற்குக் காரணம் ஊராகவே இருக்கலாம். டெல்லியில் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் காருக்குப் பல வருடமாகத் தடை இருந்தது; இப்போது விதி தளர்ந்தாலும் பயம் போகவில்லை. இந்த வண்டி அந்த 15 வருட வாசலில் நிற்கிறது, விற்பவருக்கு அவசரமாக இருக்கலாம். இங்கே ஓட்டலாம், ஆனால் பணம் கேட்கும். தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28, கைக்கு வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீங்க. பழைய கடன் இருந்தால், அது தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35-ம் வேணும். அதன்பின் தமிழ்நாட்டு ஆயுள் வரி, எஃப்சி (தகுதிச் சான்று), பதிவுப் புதுப்பிப்பு. பலர் கோட்டை விடுவது கடைசி இடத்தில்தான். 15 வருடம் முடிந்த சாதாரணக் காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். இறக்குமதிக் காருக்கு 40,000. டிடி முழு வண்டியாகக் கப்பலில் வந்தது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்புச் செலவு திரும்ப வரும்.

இனி இன்ஜின். காலையில், முந்தின இரவு முதல் நின்ற வண்டியைப் பார்க்கணும். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்க. சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்குள் யாரோ இன்ஜினைத் தயார்படுத்தியிருக்கிறார்கள். டீ குடித்துவிட்டுக் கிளம்புங்க, இன்னொரு நாள் வரலாம். 2010-க்குப் பின் வந்த 211 குதிரைச் சக்தி இன்ஜினில் டைமிங் செயின். அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பழைய வடிவமாக இருந்தால் சறுக்கும். செயின் தாண்டினால் வால்வு பிஸ்டனில் மோதும், இன்ஜின் போச்சு. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று நொடி கடகடவென்று சத்தம் வந்தால் அதுதான் எச்சரிக்கை. சத்தம் வராவிட்டாலும் விடாதீங்க: டைமிங் கவரில் ஒரு சின்ன அடைப்பான் உண்டு. அதைக் கழற்றினால் உள்ளே இருப்பது புது டென்ஷனரா பழசா என்று தெரிந்த கை சொல்லிவிடும். இந்த இன்ஜின் ஆயிலும் குடிக்கும். கடைசியாக எப்போது, எத்தனை லிட்டர் ஊற்றினீர்கள் என்று கேளுங்க. "ஊற்றினதே இல்லை" என்ற பதிலை அப்படியே நம்ப வேண்டாம்.

கியர்பாக்ஸுக்கு வருவோம். ஆறு கியர், இரட்டைக் கிளட்ச், ஆயிலில் மூழ்கி ஓடுவது. 60,000 கி.மீ.க்கு ஆயிலும் ஃபில்டரும் மாற்றியே ஆகணும். உங்கள் வண்டி 62,000-த்தில் நிற்கிறது. மாற்றாமல் விற்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. வாய்வார்த்தை வேண்டாம், தேதியும் கிலோமீட்டரும் போட்ட பில் வேணும். பின் சக்கரத்துக்குச் சக்தி அனுப்பும் ஹால்டெக்ஸ் யூனிட்டின் ஆயில் பில்லும் கேளுங்க. அதைப் பெரும்பாலும் யாரும் தொட்டே இருக்க மாட்டார்கள்.

சில்லறைச் சோதனைகள்: ஃபிரேம் இல்லாத கண்ணாடி, கதவைத் திறக்கும்போது கொஞ்சம் கீழே இறங்கணும், இறங்காவிட்டால் கதவுப் பூட்டுக்குள் இருக்கும் சின்ன சுவிட்ச் போயிருக்கும். பின் ஸ்பாய்லரைப் பட்டனில் ஏற்றி இறக்குங்க. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக்கோடு தேடுங்க, இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. டயரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கம் பாருங்க; தாழ்ந்த வண்டி, நம் ஸ்பீட் பிரேக்கர்கள் அதில் கையெழுத்துப் போட்டிருக்கும்.

கேள்வி: பழைய ஸ்பீடு கார் வாங்கும்போது பைபாஸில் 160 தொட்டுப் பார்த்தால் போதும் என்கிறான் என் நண்பன். சரியா?
- வாசகர், சேலம்

பதில்: 160-ல் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான், தம்பி, போலீஸ் கேமராவுக்கும் பிடிக்கும். இரட்டைக் கிளட்ச் வண்டியின் நோய் பத்து கிலோமீட்டர் வேகத்தில்தான் தெரியும். டிராஃபிக்கில் பிரேக்கை மெல்ல விட்டு ஊர விடுங்க: அதிர்கிறதா? ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது முதுகில் குத்துகிறதா? மேட்டில் நிறுத்தி ரிவர்ஸ் போட்டால் உடனே பிடிக்கிறதா, யோசித்துப் பிடிக்கிறதா? அரை மணி நேரம் இப்படி ஓட்டி, கியர்பாக்ஸ் நன்றாகச் சூடானபிறகு எல்லாவற்றையும் இன்னொரு முறை செய்யுங்க. விற்பவர் சலித்துக்கொண்டால் சலித்துக்கொள்ளட்டும்.